கணவரின் சைல்ட் சப்போர்ட் பாக்கிக்குப் போன ரீஃபண்டில் மனைவியின் பங்கு

அமெரிக்காவில், நார்த் கரோலினாவில் வசிக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. கணவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் திருமணத்தில் ஒரு மகன், தாயோடு வேறு மாநிலத்தில் இருக்கிறான். நடுவில் வேலை போயிருந்த மாதங்களில் கணவர் கட்டாமல் விட்ட சைல்ட் சப்போர்ட் (பிள்ளையின் பராமரிப்புக்கு நீதிமன்ற உத்தரவுப்படி கட்டும் தொகை) சுமார் 9,000 டாலர் பாக்கி. 2024-ஆம் ஆண்டுக்கு இருவரும் ஜாயின்ட் ரிட்டர்ன் (இருவருக்கும் சேர்த்து ஒரே வருமான வரிக் கணக்கு) போட்டிருக்கிறார்கள். கணவரின் சம்பளம் 60,000, அதில் பிடித்த ஃபெடரல் (மத்திய அரசு) வரி 7,000. மனைவியின் சம்பளம் 40,000, பிடித்தது 5,000. கூடுதலாகப் பிடித்ததில் திரும்ப வரவேண்டிய ரீஃபண்ட் 3,968 டாலர் மொத்தமும் அந்தப் பாக்கிக்குப் போய்விட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. "என் சம்பளத்தில் பிடித்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா? இப்போது கேட்டால் கிடைக்குமா? நான் கேட்பதால் அவருக்கு ஏதாவது சிக்கல் வருமா?"

உங்கள் பங்கு உங்களுக்குக் கிடைக்கும். அதைக் கேட்பதால் அவருக்கு எந்தச் சிக்கலும் வராது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. இந்தப் பாக்கிக்குச் சட்டப்படி பொறுப்பு அவர் ஒருவர்தான். உங்கள் திருமணத்துக்கு முன்பே இருந்த கடமை, நீதிமன்ற உத்தரவும் அவர் பெயரில். நீங்கள் ஜாயின்ட் ரிட்டர்னில் கையெழுத்துப் போட்டதால் அந்தக் கடன் உங்களுடையதாகிவிடவில்லை.

அப்படியானால் எதற்கு மொத்தமாக எடுத்தார்கள்? சைல்ட் சப்போர்ட் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு மாநிலமும் ஃபெடரல் அரசுக்கு அனுப்புகிறது. கருவூலத் துறையின் கீழ் இருக்கும் பியூரோ ஆஃப் தி ஃபிஸ்கல் சர்வீஸ், எந்த ரீஃபண்டையும் வெளியே அனுப்பும் முன் அந்தப் பட்டியலோடு சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அரசு தரும் அடையாள எண்) ஒப்பிடும். இதற்கு ட்ரெஷரி ஆஃப்செட் புரோகிராம் என்று பெயர். ரிட்டர்னில் இருக்கும் இரண்டு எண்களில் ஒன்று பட்டியலில் இருந்தாலும் போதும், பிடித்துவிடுவார்கள். அந்தப் பணத்தில் யார் சம்பளம் எவ்வளவு என்று அந்த இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் வேலை ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுடையது, அதுவும் நீங்கள் மனுப் போட்டால் மட்டும்.

அரசின் நிதியுதவி வாங்கிய குடும்பங்களுக்காக 1981-இல் வந்த ஏற்பாடு இது. 1984-இல் மற்றக் குடும்பங்களுக்கும் விரிந்தது. தாயும் பிள்ளையும் அரசின் உதவித்தொகை வாங்கியிருந்தால் 150 டாலர் பாக்கி இருந்தாலே ரீஃபண்டில் கை வைக்கலாம், இல்லையென்றால் 500 டாலர். இந்த மாதம் கட்ட வேண்டிய தொகைக்காக ரீஃபண்டைப் பிடிக்க மாட்டார்கள், தவறிப்போன பாக்கிக்கு மட்டும்தான். மாநிலத்தின் சைல்ட் சப்போர்ட் அலுவலகம் கையாளும் வழக்காகவும் அது இருக்க வேண்டும்.

நீங்கள் போட வேண்டியது ஃபார்ம் 8379. இஞ்சூர்டு ஸ்பவுஸ் படிவம் என்று சொன்னால் எந்த வரிக் கணக்காளருக்கும் தெரியும். உங்கள் தகுதியில் சந்தேகமே இல்லை: ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்கள், கடன் உங்களுடையது இல்லை, உங்கள் சம்பளத்தில் வரி பிடித்திருக்கிறார்கள், அதை ரிட்டர்னில் காட்டியும் இருக்கிறீர்கள். ஃபார்ம் 8857 என்று இன்னொன்று இருக்கிறது, இன்னொசென்ட் ஸ்பவுஸ் என்பார்கள். கணவன் அல்லது மனைவி வருமானத்தை மறைத்தோ தப்புக் கணக்குக் காட்டியோ வந்த வரிச்சுமையிலிருந்து மற்றவர் விடுபடுவதற்கானது அது. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான படிவத்தை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்துக்கு 8857 வேண்டாம்.

சரி, எவ்வளவு வரும்? பாதிப் பாதி என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் மாநிலத்தில் அப்படி இல்லை. ஐ.ஆர்.எஸ். முதலில் இருவரும் தனித்தனியாக ரிட்டர்ன் போட்டிருந்தால் ஆளுக்கு எவ்வளவு வரி வந்திருக்கும் என்று பார்க்கும். அந்த விகிதத்தில் ஜாயின்ட் வரியைப் பிரிக்கும். அப்புறம் ஒவ்வொருவரும் கட்டிய தொகையிலிருந்து அவரவர் பங்கு வரியைக் கழிக்கும். மிச்சம் எதுவோ அதுதான் அவரவர் ரீஃபண்ட்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 2024-க்கு ஜாயின்ட் ரிட்டர்னில், வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 29,200. ஒரு லட்சத்தில் அதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 70,800. அதற்கு வரி 8,032. இருவரிடமும் பிடித்தது 12,000 என்பதால் ரீஃபண்ட் 3,968. இப்போது பிரிப்போம். உங்கள் 40,000-இல் பாதி டிடக்‌ஷனான 14,600 போக 25,400, அதற்கு வரி 2,816. அவருடைய 60,000-இல் அதே 14,600 போக 45,400, வரி 5,216. உங்களிடம் பிடித்தது 5,000, உங்கள் வரி 2,816, எனவே உங்கள் பங்கு 2,184 டாலர். அவர் பங்கு 1,784. சம்பளம் குறைவு என்றாலும் ரீஃபண்டில் பெரிய பங்கு உங்களுடையது, காரணம் உங்கள் கம்பெனி உங்களிடம் தேவைக்கு மேல் பிடித்திருக்கிறது. பாதிப் பாதி என்று நினைத்து 1,984 டாலரோடு திருப்தி அடைந்திருந்தால் 200 டாலர் நஷ்டம்.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டு அனுப்ப வேண்டியதில்லை, ஐ.ஆர்.எஸ். போடும். படிவத்தின் மூன்றாம் பகுதியில் வருமானம், கழிவுகள், கிரெடிட்கள் (வரியிலிருந்தே கழியும் சலுகைகள்), பிடித்த வரி எல்லாவற்றையும் மூன்று பத்திகளாகக் காட்ட வேண்டும்: ஜாயின்ட் ரிட்டர்னில் உள்ளது, உங்களுடையது, அவருடையது. சம்பளமும் பிடித்த வரியும், கம்பெனி தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2-இல் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ஆளுக்குப் பாதி. குழந்தைக்கான கிரெடிட், தனித்தனியாகப் போட்டிருந்தால் யார் அந்தக் குழந்தையைக் காட்டியிருப்பாரோ அவருக்கு. காலாண்டுக்கு ஒருமுறை எஸ்டிமேட்டட் டாக்ஸ் (முன்கூட்டியே மதிப்பிட்டுக் கட்டும் வரி) சேர்ந்து கட்டியிருந்தால் இருவரும் ஒத்துக்கொண்ட எந்த விகிதத்திலும் பிரிக்கலாம், ஒத்துப்போகாவிட்டால்தான் ஐ.ஆர்.எஸ். தன் சூத்திரப்படி பிரிக்கும்.

உங்கள் ரிட்டர்ன் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் 8379-ஐத் தனியாக அனுப்புங்கள். பெயர்களும் சோஷியல் செக்யூரிட்டி எண்களும் ரிட்டர்னில் இருந்த அதே வரிசையில் இருக்க வேண்டும். கணவர் பெயர் முதலில் இருந்தால் இங்கும் அவர் பெயர்தான் முதலில், பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்பதற்குப் பக்கத்தில் கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். இருவரின் டபிள்யூ-2 நகல்களையும், வரி பிடித்த 1099 (சம்பளம் அல்லாத வருமானத்துக்கான படிவம்) ஏதாவது இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். பழைய 1040 ரிட்டர்னின் நகலை மட்டும் சேர்க்காதீர்கள், அதைப் புது ரிட்டர்ன் என்று எடுத்துக்கொண்டு குழம்ப வாய்ப்பு உண்டு. தனியாக அனுப்பும்போது உங்கள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்துப் போட மறுக்கும் வீடுகளும், பிரிந்து வாழும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவர் சம்மதம் தேவையில்லை. பணம் வேறு முகவரிக்கு வர வேண்டுமென்றாலும் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

தனியாக அனுப்பினால் சுமார் 8 வாரம் ஆகும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது. ரிட்டர்னோடு சேர்த்து இ-ஃபைல் செய்தால் 11 வாரம், காகிதத்தில் என்றால் 14 வாரம். காலக்கெடுவைப் பற்றிப் பதற வேண்டாம். ரிட்டர்ன் போட வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டு, அல்லது வரி கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம். உங்கள் 2024 ரிட்டர்னுக்கு 2028 ஏப்ரல் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. முந்தைய ஓரிரு ஆண்டுகளிலும் இப்படிப் பணம் போயிருந்தால் அவற்றையும் கேட்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிப் படிவம் வேண்டும், ஒரு முறை போட்டால் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். 8 வாரம் 11-ஐ விடக் குறைவுதானே, பிடித்த பிறகே கேட்டுக்கொள்ளலாம் என்று சில கணக்காளர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஜாயின்ட் ரீஃபண்டில் பிடித்த பணத்தை, உதவித்தொகை வாங்காத குடும்பங்களின் வழக்கில், மாநிலம் 180 நாள் வரை தன்னிடம் நிறுத்தி வைக்கலாம். எல்லா மாநிலமும் எப்போதும் நிறுத்தி வைப்பதில்லை. பணம் அந்தத் தாயிடம் போய்ச் சேர்ந்து, வாடகைக்கோ பள்ளிக்கோ செலவான பிறகு நீங்கள் 8379 போட்டால், ஐ.ஆர்.எஸ். உங்களுக்குக் கொடுத்துவிட்டு மாநிலத்திடம் திரும்ப வாங்கும். மாநிலம் அந்தத் தாயிடம் கேட்கும். உங்கள் உரிமை உங்களுக்குக் கிடைத்தது உண்மைதான், ஆனால் கொடுத்ததைப் பிடுங்கும் வேலை அந்தச் சிறுவனின் வீட்டு வாசலில் நடக்கிறது. ரிட்டர்னோடு சேர்த்தே போட்டுவிட்டால் உங்கள் பங்கு அந்தப் பக்கம் போகாது, அவர் பங்கு மட்டும் மகனுக்குப் போகும். மூன்று வாரம் கூடுதலாகக் காத்திருப்பது அதற்கு ஈடாகப் பெரிய விஷயமே இல்லை. இந்த ஆண்டு அந்த வாய்ப்பு போய்விட்டதால், படிவத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். 180 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் நல்லது.

அடுத்த ஆண்டு ரிட்டர்ன் போடும் முன் கணவரை 800-304-3107 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். ட்ரெஷரி ஆஃப்செட் புரோகிராமின் தானியங்கித் தொலைபேசிச் சேவை அது. அவர் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்தால் பட்டியலில் அவர் பெயரில் கடன் இருக்கிறதா, எந்த அலுவலகம் பதிந்தது என்று சொல்லும். கடன் இல்லையென்றால் 8379 வேண்டாம், வீணாக ரீஃபண்ட் தாமதமாகும். பாக்கித் தொகையே தப்பு என்று நினைத்தால் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் முறையிட்டுப் பயனில்லை, அந்த மாநிலத்தின் சைல்ட் சப்போர்ட் அலுவலகத்திடம்தான் போக வேண்டும்.

தனித்தனியாகவே ரிட்டர்ன் போட்டால் என்ன என்ற யோசனையும் வரும். உங்கள் எண்களைப் பாருங்கள்: 2,816-ம் 5,216-ம் சேர்ந்தால் அதே 8,032. இந்த ஆண்டு தனித்தனியாகப் போட்டிருந்தால் ஒரு டாலர்கூடக் கூடுதல் வரி வந்திருக்காது, 2,184 டாலர் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கும். ஆனால் கடைசித் தேதி கடந்த பிறகு ஜாயின்ட் ரிட்டர்னைத் தனித்தனியாக மாற்ற முடியாது. தனித்தனியாகப் போட்டதை மூன்று ஆண்டுக்குள் ஜாயின்ட் ஆக்கலாம். எனவே சந்தேகம் இருக்கும் ஆண்டில் தனி ரிட்டர்னே பாதுகாப்பான தொடக்கம். எல்லாருக்கும் இது லாபம் என்று சொல்ல மாட்டேன். குழந்தை பராமரிப்புச் செலவுக்கான கிரெடிட், கல்லூரிப் படிப்புக்கான கிரெடிட், கல்விக் கடன் வட்டிக்கான கழிவு, குறைந்த சம்பளக்காரர்களுக்கான எர்ன்ட் இன்கம் கிரெடிட் (பெரும்பாலோருக்கு) எல்லாம் தனி ரிட்டர்னில் போய்விடும். ஒருவர் சம்பளம் மிகப் பெரியதாகவும் மற்றவருடையது சிறியதாகவும் இருந்தால் வரியும் கூடும். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எந்த மென்பொருளிலும் அரை மணி நேர வேலை.

நம் ஆட்கள் நிறையப் பேர் டல்லாஸ், ஹூஸ்டன், சியாட்டில், ஃபீனிக்ஸ், சான் ஹோசே பக்கம் இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். டெக்சாஸ், கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, ஐடஹோ, லூசியானா, விஸ்கான்சின் ஆகிய ஒன்பது மாநிலங்களிலும் கம்யூனிட்டி பிராபர்ட்டி சட்டம் இருக்கிறது. திருமணத்துக்குப் பின் இருவரில் யார் சம்பாதித்தாலும் பொதுவாக இருவருக்கும் சேர்ந்த சொத்து. அங்கே மேலே போட்ட கணக்கு செல்லாது. ஐ.ஆர்.எஸ். மாநிலச் சட்டப்படி பிரிக்கும். பொதுவாக, எர்ன்ட் இன்கம் கிரெடிட் நீங்கலாக, ஜாயின்ட் ரீஃபண்டில் பாதி சைல்ட் சப்போர்ட் போன்ற கடன்களுக்குப் போகும், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. தனி ரிட்டர்ன் போட்டாலும் அங்கே வருமானத்தை இருவருக்கும் பங்கிட்டுக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் மேலே சொன்ன லாபம் அப்படியே வராது.

வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான ஹெச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போகாமல் இருக்கும் மனைவிகளுக்கு இதில்தான் பெரிய வேறுபாடு. நார்த் கரோலினா, நியூஜெர்சி போன்ற இடங்களில் மனைவிக்கு வருமானமும் இல்லை, வரியும் பிடிக்கவில்லை, அவர் பங்கில் வரும் ரீஃபண்டபிள் கிரெடிட்டும் (வரி இல்லாவிட்டாலும் பணமாக வரும் சலுகை) இல்லை என்றால் 8379 போட்டுப் பயனில்லை, அந்த ரீஃபண்ட் முழுவதும் கணவருடையதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஒன்பது மாநிலங்களில் இந்த நிபந்தனை கிடையாது. சம்பாதிக்காத மனைவியும் மனுப் போடலாம்.

கணவருக்குச் சிக்கல் வருமா என்று கேட்டீர்கள். 8379-ஆல் வராது, அது உங்கள் பணத்தைப் பிரித்தெடுக்கும் மனு, அவர் மீது புகார் இல்லை. சிக்கல் பாக்கியில் இருக்கிறது. 2,500 டாலருக்கு மேல் பாக்கி இருந்தால் அமெரிக்க பாஸ்போர்ட் கிடைக்காது, புதுப்பிக்கவும் முடியாது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கிளம்பும்போது இது தெரியவந்தால் எவ்வளவு தவிப்பு என்று நினைத்துப் பாருங்கள். அவர் இன்னும் கிரீன் கார்டில் இருந்து, குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், குழந்தையைப் பராமரிக்க வேண்டுமென்றே தவறியது நன்னடத்தைக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும். சம்பளத்திலேயே பிடிக்கவும் முடியும். இன்னொரு மனைவியையோ குழந்தையையோ காப்பாற்றுபவரின் கைக்கு வரும் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, 12 வாரத்துக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் 55 சதவீதம் வரை ஃபெடரல் சட்டம் அனுமதிக்கிறது.

எனவே, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்கு அவர் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி ரீஃபண்டே வராமல் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பாதிதான் கேளுங்கள். பிடித்தத்தை உண்மையான வரிக்கு அருகில் கொண்டுவருவது சரியான காரியம், சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் அப்படி மிச்சமாகும் 1,784 டாலரை, மாதம் சுமார் 150 டாலராக, மாநில அலுவலகம் வழியாக அந்தப் பாக்கிக்கே கட்டச் சொல்லுங்கள். மகனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பாராமல் வருவதைவிட மாதாமாதம் வருவது எவ்வளவோ மேல். பாக்கியும் குறைந்துகொண்டே வரும். நேராகத் தாயின் கையில் கொடுத்தால் அலுவலகக் கணக்கில் ஏறாமல் போகலாம், அதைச் செய்யாதீர்கள்.

மாநில வருமான வரி ரீஃபண்டும் இதே பாக்கிக்குப் பிடிபடலாம். 8379 ஃபெடரல் பணத்துக்கு மட்டும்தான், மாநிலத்துக்கு அந்தந்த மாநிலத்தின் வழி வேறு. நியூயார்க்கில் ஐ.டி.-280 என்று தனிப் படிவமே இருக்கிறது. உங்களுக்கு மாநிலத்திலிருந்தும் கடிதம் வந்திருந்தால் அதில் உள்ள எண்ணில் கூப்பிட்டு, கடனில் பொறுப்பில்லாத துணையின் பங்கை எப்படிக் கேட்பது என்று விசாரியுங்கள்.

சொன்ன வாரங்கள் கடந்தும் பதில் வராவிட்டால், பணமில்லாமல் வாடகை, மருந்து என்று நெருக்கடி வந்தால், டாக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸை 877-777-4778 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஐ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளேயே மக்களுக்காக இருக்கும் தனி அமைப்பு, கட்டணம் இல்லை. ஐ.ஆர்.எஸ். தவறு செய்யாது என்று விட்டுவிடாதீர்கள். 2020-இல் கொரோனா உதவித்தொகை கொடுத்தபோது, துணையின் சைல்ட் சப்போர்ட் பாக்கிக்காக மற்றவர் பங்கையும் தவறாகப் பிடித்துவிட்டு, சுமார் 50,000 பேருக்குப் பின்னர் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியாக, உங்கள் கணவருக்கு ஒன்று. பாக்கி சேர்ந்தது வேலை போன மாதங்களில் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை போனால் சைல்ட் சப்போர்ட் தானாகக் குறையாது. 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற சட்டத்தின்படி, ஒருமுறை பாக்கியாகிவிட்ட தொகையை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. தொகையை மாற்றக் கோரி மனுக் கொடுத்து, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன நாளிலிருந்துதான் குறைக்கலாம். இந்த 9,000-ஐ இனி நீதிமன்றத்தில் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது, தவணை முறையில் கட்ட அலுவலகத்தோடு பேசலாம். ஆனால் மறுபடி லே-ஆஃப் கடிதம் வந்தால், ரெஸ்யூமே திருத்த உட்காரும் முன் அந்த மனுவை அவர் கொடுத்துவிட வேண்டும்.